வாக்குத்தத்தம்: கூலியா, கிருபையா?



ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நடக்கிற ஒரு காரியம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். மணி பன்னிரண்டு அடித்து, முழங்காலில் நின்று, கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொல்லிப் புது வருஷத்துக்குள் பிரவேசித்த பிறகு, வாக்குத்தத்த அட்டைத் தட்டு வருகிறது. கண்ணை மூடி ஆளுக்கு ஒன்று எடுக்கிறோம். எடுத்த மறு நிமிஷமே, "உங்களுக்கு என்ன வந்துச்சு? உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று சபை முழுவதும் ஒரே சத்தம். ஆசீர்வாதம், உயர்வு என்று வந்தவர்களுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பொறுமை, உபத்திரவம் என்று வந்தவர்கள் அட்டையை மெதுவாக மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிடுகிறார்கள். "பாஸ்டர், இன்னொன்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

மற்றவர்களைச் சொல்வானேன்? ஒரு வருஷம் தட்டை அடுக்கிய நானே, எனக்கென்று நல்லதாக ஒரு அட்டையைப் பார்த்து ஓரத்தில் செருகி வைத்துக்கொண்டேன். பிறகு எல்லாரோடும் சேர்ந்து கண்ணை மூடி ஜெபித்து, சரியாக அதையே எடுத்தேன்! இதை இன்றைக்குத்தான் உங்களுக்கு முன்பாக அறிக்கை செய்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசிக்கவும் வேண்டும். தேவனுடைய வாக்குத்தத்தத்தை நாம் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்? அது நமக்கு வரவேண்டிய பாக்கியா? கேட்டு வாங்குவது நம்முடைய உரிமையா? உரிமை என்றால் தாழ்மைக்கு இடம் எங்கே? தாழ்மை என்றால் தைரியமாய்க் கேட்பது எப்படி?

இந்தக் கேள்வி எனக்குப் புஸ்தகத்திலிருந்து வரவில்லை. பைபிள் காலேஜில் டிப்ளமா படித்த நாட்களில் வாக்குத்தத்தங்களைப் பற்றி நீளமான நோட்ஸ் எழுதியிருக்கிறேன், மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பாடம் படித்தது ஒரு சகோதரியின் வீட்டுத் திண்ணையில்.

சில வருஷங்களுக்கு முன்பு அந்தச் சகோதரியின் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரம் இரண்டு தரம் டயாலிசிஸ். பஸ் செலவுக்கே கடன். அந்த வருஷம் அவர்கள் எடுத்த அட்டையில் வந்தது ஏசாயா 43-ம் அதிகாரம் 2-ம் வசனம். நான் அதைக் கையில் வாங்கி, எல்லார் முன்பாகவும் உரத்த சத்தமாய், "அம்மா, இந்த வருஷம் உங்க வீட்டுக்காரர் பூரண சுகமாவார். கர்த்தர் வாக்குப் பண்ணிட்டார். உரிமையாப் பிடிச்சுக்குங்க, விடாதீங்க!" என்றேன். சபை "அல்லேலூயா" என்றது. எனக்கும் உள்ளத்தில் ஒரே உற்சாகம்.

ஏழு மாதம் கழித்து அந்தச் சகோதரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அடக்க ஆராதனை நடத்தினது நான்தான். அதற்கப்புறம் பல நாள் அந்தத் தெருப்பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. ஒரு நாள் போனேன். சகோதரி திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "எங்கேயோ நம்ம விசுவாசத்துல ஒரு குறை இருந்திருக்கும்மா" என்றேன். தேவ ஜனமே, என் ஊழிய நாட்களில் நான் பேசின வார்த்தைகளிலே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் முதலாவது அந்த வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்ளுவேன்.

அவர்கள் கோபப்படவில்லை. உள்ளே போய் வேதாகமத்தை எடுத்து வந்து, அந்த அட்டையை என் கையில் கொடுத்தார்கள். "ஐயா, இதுல தண்ணியில நடந்தாலும் கூட இருப்பேன்னுதான் போட்டிருக்கு. அவர் கூடத்தான் இருந்தார். ஆஸ்பத்திரி வராண்டாவுல ராத்திரி ராத்திரியா நான் தனியா உட்கார்ந்திருந்தப்ப, தனியா இல்லைன்னு எனக்குத் தெரியும். சுகமாக்குவேன்னு இதுல இல்லையே. அதை நீங்கதானே சொன்னீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? கர்த்தருடைய வார்த்தையோடே என் வார்த்தையைச் சேர்த்துக்கொண்டேன். பிறகு என் வார்த்தை பொய்த்தபோது, பழியை விசுவாசியின் விசுவாசத்தின்மேல் போட்டேன். இது எவ்வளவு பெரிய பாவம்!

அன்றைக்கு வீட்டுக்கு வந்து 2 சாமுவேல் 7-ம் அதிகாரத்தைத் திறந்தேன். பல தரம் பிரசங்கித்த பகுதிதான். தாவீது ராஜா கேதுரு மர அரமனையில் குடியிருக்கிறான். தேவனுடைய பெட்டியோ திரைகளின் நடுவே இருக்கிறது. கர்த்தருக்கு ஒரு வீடு கட்டவேண்டும் என்று அவனுக்கு நல்ல ஆசை. நாத்தான் தீர்க்கதரிசியும் அவசரப்பட்டு, போய்ச் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். கவனியுங்கள், தீர்க்கதரிசியும் அவசரப்பட்டார்! அன்று இராத்திரியே கர்த்தர் அவரைத் திருத்தினார். நீ எனக்கு வீடு கட்டுவதா? நான் உனக்கு ஒரு வீட்டைக் கட்டுவேன், உன் சந்ததியை நிலைநிறுத்துவேன் என்கிற கருத்தில் கர்த்தருடைய பதில் வந்தது. கொடுக்கலாம் என்று போனவன் வாங்கிக்கொண்டு வந்தான்.

நம்முடைய தளவானூருக்கு இந்த அதிகாரம் நன்றாகவே விளங்கும். நம் ஊர்ப் பாறையிலே 1400 வருஷங்களுக்கு முன்பு, 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பல்லவ ராஜா முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் நிற்கிறது. சத்ருமல்லன், அதாவது சத்துருக்களை மல்லுக்கட்டி ஜெயிக்கிறவன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. அந்தப் பெயரை வைத்தே கோயிலுக்குச் சத்ருமல்லேஸ்வரம் என்று பெயர். மண்டகப்பட்டில் அவன் குடைந்த இன்னொரு கோயிலில், செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் செய்வித்தேன் என்கிற பொருளில் கல்வெட்டே வைத்திருக்கிறான்.

யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. கற்றவர்கள் போற்றுகிற வேலை அது. நான் சொல்லவருவது மனுஷ சுபாவத்தை. தெய்வத்துக்கு என்று ஒன்றைச் செய்தாலும் அதில் நம்முடைய பெயர் இருக்கவேண்டும். நம்ம சபையில் மட்டும் என்ன? தலைக்குமேல் சுற்றுகிற ஃபேனைப் பாருங்கள், அதன் இறக்கையில் கொடுத்தவர் பெயர்! அஸ்திபாரக் கல்லில் பாஸ்டர் பெயர், திறந்துவைத்தவர் பெயர், எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் கர்த்தருக்கு மகிமை.

தாவீது என்ன செய்தான்? உள்ளே போய்க் கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்தான். கட்டுவதற்கு எழுந்தவன் உட்கார்ந்துவிட்டான். தான் யார், தன் வீடு எந்த அளவு என்று கேட்டான். இந்த மட்டும் கொண்டுவந்ததே அதிகம், இதுவும் போதாதென்று வருங்காலத்தைப் பற்றியும் பேசுகிறீரே என்று ஆச்சரியப்பட்டான். அதுதான் தாழ்மை. ஆனால் அந்த ஜெபம் அங்கே முடியவில்லை. 25-ம் வசனத்தில் அதே தாவீது, நீர் சொன்னபடியே செய்யும் என்று கேட்கிறான்! 27-ம் வசனத்தில் இன்னும் தெளிவாக, நீர் இதை எனக்கு வெளிப்படுத்தினபடியினால்தான் இப்படி ஜெபிக்க எனக்குத் துணிவு வந்தது என்கிற கருத்தில் பேசுகிறான்.

பார்த்தீர்களா? தாழ்மையும் தைரியமும் ஒரே ஜெபத்தில் இருக்கிறது, ஒரே வாயிலிருந்து வருகிறது. எப்படி? தன்னைப் பார்க்கும்போது தாழ்மை, சொன்னவரைப் பார்க்கும்போது தைரியம். அவ்வளவுதான் இரகசியம்.

எனக்குப் பிழைப்பு தையல் கடை என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் நடக்கிற காரியத்தைக் கொண்டே இதைச் சொல்லுகிறேன். ஒருவர் துணி கொடுத்து, அட்வான்ஸ் கொடுத்து, ரசீது வாங்கிப்போகிறார். சொன்ன தேதியில் வந்து ரசீதை நீட்டி, "எங்கப்பா என் சட்டை?" என்கிறார். அது அவருடைய உரிமை. காசு கொடுத்தவர் கேட்கிறார். அவர் என்னிடத்தில் தாழ்மையாய் நிற்கவேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு பக்கம் என் மகள். அவள் சிறுபிள்ளையாய் இருந்தபோது, "கிறிஸ்மஸுக்கு உனக்கு ஒரு பட்டுப்பாவாடை தைச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் துணியும் கொடுக்கவில்லை, காசும் கொடுக்கவில்லை, ரசீதும் இல்லை. ஆனால் தினமும் மிஷின் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, சொன்னீங்களே!" என்பாள். அது பெருமையா? அகங்காரமா? இல்லையே! அவளிடத்தில் இருந்ததெல்லாம் என் வார்த்தை மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றபோது எனக்குக் கோபம் வரவில்லை, உள்ளம் குளிர்ந்தது. என் பிள்ளை என் வார்த்தையை நம்புகிறாளே!

அதே பிள்ளை, "நான் பாத்திரம் தேய்ச்சேன், அதனால பாவாடை தரணும்" என்று சொல்லியிருந்தால் என் மனசு வேதனைப்பட்டிருக்கும். அன்பைக் கூலியாக்கிவிட்டாள் என்று. "பாவாடையோட தங்கச் சங்கிலியும் சொன்னீங்க" என்று சொல்லியிருந்தால், நான் சொல்லாததை என் வாயில் வைக்கிறாள் என்று திருத்தியிருப்பேன். "எனக்கெல்லாம் எதுக்குப்பா பட்டு, நான் அதுக்குத் தகுதி இல்லை" என்று ஒதுங்கிப் போயிருந்தால்? அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய துக்கமாய் இருந்திருக்கும்.

தேவ பிள்ளையே, இந்த மூன்றும் நம்மிடத்தில் உண்டு. உபவாசம் இருந்தேன், தசமபாகம் கொடுத்தேன், ஆகவே கர்த்தர் செய்தே ஆகவேண்டும் என்கிறது முதலாவது. ரோமர் 4-ம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் இதைத்தான் பிரித்துக் காட்டுகிறார்: வேலை செய்தவனுக்கு வருகிறது கூலி, அது கடன், கிருபையோ கடன் அல்ல. என் ஆசையை எடுத்து அவருடைய வாக்குத்தத்தம் என்று பெயர் வைப்பது இரண்டாவது. அந்தத் திண்ணையில் நான் பிடிபட்டது இதில்தான். நான் அபாத்திரன் என்று சொல்லிச் சொல்லியே கேட்காமல் இருப்பது மூன்றாவது. அது தாழ்மைபோலத் தோன்றும், ஆனால் என் சிறுமை அவருடைய வார்த்தையைவிடப் பெரிது என்று சொல்லுகிற பெருமை அது.

வாக்குத்தத்தம் என்கிற வார்த்தையையே பாருங்கள். வாக்கு, அதோடே தத்தம். தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் நிலத்தையோ வேறொன்றையோ ஒருவருக்குத் தானமாய்க் கொடுக்கும்போது, கையில் தண்ணீர் வார்த்துத் தத்தம் பண்ணுவார்கள். வார்த்த தண்ணீரை மறுபடியும் அள்ள முடியாது. பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக்கிக்கொள்வதைத் தத்து எடுப்பது என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்லின் வழியே வந்ததுதான். ஆக, நாம் சம்பாதித்தது என்கிற அர்த்தம் அந்த வார்த்தைக்குள் எங்கேயும் இல்லை. கொடுத்தவர் கொடுத்தார். வாங்குகிற கை வெறுங்கை.

ஆதியாகமம் 15-ம் அதிகாரத்தில் கர்த்தர் ஆபிரகாமோடே உடன்படிக்கை பண்ணினபோது என்ன நடந்தது? மிருகங்களைத் துண்டித்து எதிரெதிராக வைத்து, அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோவது உடன்படிக்கையின் முறை. ஆனால் சூரியன் அஸ்தமிக்கும்போது ஆபிரகாமுக்கு அயர்ந்த நித்திரை வந்தது. இருட்டானபின்பு துண்டங்களின் நடுவே கடந்துபோனது புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும்தான். ஆபிரகாம் அதிலே நடக்கவில்லை. கர்த்தர் தாமே தம்மைக் கட்டிக்கொண்டார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், ஒரு வயதான மனுஷனுக்குத் தம்முடைய வார்த்தையைக் கொடுத்து, அந்த வார்த்தைக்குத் தாமே கட்டுப்பட்டு நிற்கிறார். நினைத்தாலே உடம்பு சிலிர்க்கவில்லையா? பெருமை அடிக்க இடம் எங்கே இருக்கிறது?

வாக்குத்தத்தத்தைப் பயமில்லாமல் கையாளுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுகிறேன். தேவாலயத்து உப்பரிகையில் ஆண்டவராகிய இயேசுவை நிறுத்தி, 91-ம் சங்கீதத்திலிருந்து வாக்குத்தத்த வசனம் எடுத்துக் கொடுத்தவன் யார்? சாத்தான்! வசனம் மெய்யான வசனம்தான். அதைப் பிடித்துக்கொண்டு குதி, பிதா செய்கிறாரா பார்க்கலாம் என்றான். ஆண்டவர் குதிக்கவில்லை. பிதாவை நம்புவது வேறு, பிதாவைப் பரீட்சை பார்ப்பது வேறு.

அப்படியானால் சுகத்துக்காக ஜெபிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். ஜெபிக்கவேண்டும்! நம்முடைய சபையிலே கர்த்தர் சுகம் கொடுத்ததைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். இனியும் எண்ணெய் பூசி ஜெபிப்போம். கேட்பது நம்முடையது, கொடுக்கிற விதம் அவருடையது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மாவை நினைத்துப் பாருங்கள். 1867-ல் அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியாவுக்கு வந்து, ஆதரவற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயானவர்கள். 1931-ல் கால் தவறிக் குழியில் விழுந்தார்கள். அதற்குப் பின்பு 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த அறையிலேயே, படுக்கையிலேயே. அத்தனை பிள்ளைகளும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல நமக்கு நாவு உண்டா? அந்தப் படுக்கையிலிருந்தே பல புஸ்தகங்கள் எழுதினார்கள். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் வந்து நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் இருப்பது ஒரே வார்த்தை: அம்மா.

எபிரெயர் 11-ம் அதிகாரமும் இதைத்தான் சொல்லுகிறது. சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு, வாளால் அறுப்புண்டவர்களும் அதே பட்டியலில் உண்டு. வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே எல்லாரும் விசுவாசத்தோடே மரித்தார்கள். அவர்களுக்கு மேன்மையான ஒன்றைத் தேவன் பின்னாலே வைத்திருந்தார்.

நம்முடைய செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியரின் 12 கோட்டைகளுக்கு அந்தப் பெருமை கிடைத்தது, தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். நமக்குச் சந்தோஷம். 1677-ல் சிவாஜி பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம் 1689-ல் இங்கே அடைக்கலம் புகுந்தார். மூன்று மலையை இணைத்த மதிலைச் சுற்றி மொகலாயப் படை வருஷக்கணக்காய் முற்றுகை போட்டது. கடைசியில் 1698-ல் கோட்டை விழுந்தது. அப்புறம் பிரெஞ்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். அவ்வளவு பெரிய கோட்டை யாருக்கும் நிலையான அடைக்கலமாய் இருக்கவில்லை. ஆனால் ஒரு ஏழை விதவையின் வேதாகமத்துக்குள் மடித்து வைத்த சின்ன அட்டை அவர்களைத் தாங்கிற்று. ஏன்? அட்டைக்கு அந்தப் பெலன் இல்லை, அந்த வார்த்தையைச் சொன்னவருக்கு உண்டு.

பெந்தெகொஸ்தே ஜனமாகிய நமக்கு இது புதிதா? பிதாவின் வாக்குத்தத்தத்துக்காக எருசலேமிலே காத்திருங்கள் என்று ஆண்டவர் சொல்லிப்போனார். மேல்வீட்டறையில் காத்திருந்தவர்கள் யார்? அவரை விட்டு ஓடிப்போனவர்கள். அவர்களில் முன்னின்று பேசின பேதுரு, அவரை அறியேன் என்று சத்தியம்பண்ணி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள்மேல்தான் அக்கினி இறங்கிற்று! யார் தகுதியால்? அந்தப் பேதுருவே எழுந்து நின்று, இந்த வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் தூரத்திலுள்ளவர்களுக்கும் உண்டு என்று சொன்னார். அந்தத் தூரத்தில் தளவானூரும் அடங்கியிருந்தது. அல்லேலூயா!

ஆகவே பிரியமானவர்களே, வருகிற டிசம்பர் 31-ல் அட்டை எடுக்கும்போது வசனத்தை மட்டும் வாசித்து நின்றுவிடாதிருங்கள். வீட்டுக்குப் போய் அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். கர்த்தர் அதை யாருக்குச் சொன்னார்? என்ன சொன்னார்? அவர் சொல்லாத எதை நான் சேர்த்துக்கொள்ளுகிறேன்? எரேமியா 29-ம் அதிகாரத்தின் 11-ம் வசனத்தைப் பிடித்துக்கொள்ளுகிறவர்கள், அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் இருக்கிறதையும் பாருங்கள். பார்த்த பிறகும் பிடித்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பிடி உறுதியாயிருக்கும். இந்த வருஷம் தட்டை அடுக்குகிற வேலையும் எனக்கு வேண்டாம் என்று மூப்பரிடத்தில் சொல்லிவிட்டேன். உங்களோடேகூட வரிசையில் நின்று, வருவதை எடுத்துக்கொள்ளுகிறேன்.

அந்தச் சகோதரியிடத்தில் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கய்யா" என்றார்கள். எழுந்து வரும்போது ஒரு பை நிறைய மல்லாட்டையை என் கையில் கொடுத்தார்கள். அதற்கும் நான் ஒன்றும் செய்யவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஜெபிப்போமா? பரலோகப் பிதாவே, நாங்கள் கேளாததையும் நீர் வாக்குப்பண்ணினீர். நாங்கள் எம்மாத்திரம்? நீர் சொல்லாததைச் சேர்த்துக்கொண்ட எங்கள் வாயை மன்னியும். நீர் சொன்னதைக் கேட்கத் துணியாத எங்கள் பயத்தையும் மன்னியும். வெறுங்கையோடே வருகிறோம். நீர் சொன்னபடியே செய்யும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன், தளவானூர்